பாரிமுனையிலிருந்து இன்னும் எதைத்தான் வெளியே அனுப்பப் போகிறோம்?

சென்னைப் பாரிமுனைக்கு இதுவரை நடந்த வைத்தியம் எல்லாம் ஒரே மாதிரிதான். எது நெரிசலாகத் தெரிகிறதோ அதைத் தூக்கி ஊருக்கு வெளியே வைப்பது. 1996ல் கொத்தவால் சாவடியின் காய்கறி, பழ மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. 2002ல் வெளியூர் பஸ்களும் அங்கேயே போயின. இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தங்காடு, லாரிகளுக்கு மாதவரம். ஒவ்வொரு தடவையும் பாரிமுனையைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுன் இனி மூச்சு விடும் என்றார்கள். நம்புகிறவர்கள் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பூக்கடையிலிருந்து பர்மா பஜார் வரை என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

கோயம்பேடு தப்பு என்று சொல்லவில்லை. கொத்தவால் சாவடியில் அழுகிய கோஸ் இலையை மிதித்து வழுக்கியவர்களுக்குத் தெரியும், அது போயே ஆகவேண்டியதுதான். காலியான இடத்துக்கு எது வரவேண்டும் என்று யாராவது யோசித்தார்களா என்பதுதான் என் கேள்வி. யாரும் யோசிக்காததால் தானாக வந்தது குடோன்.

எனக்குத் தொழில் அச்சகம். பேப்பர் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குப் போகாமல் எனக்கு மாதம் ஓடாது. நான் சரக்கு எடுக்கும் கடைக்கு மேலே பழைய வீடு ஒன்று இருக்கிறது. குறுகலான மரப்படி, தேக்கு உத்தரம், செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. கூடத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை ரீம் கட்டுகள். சமையலறைப் புகைக்கூண்டு இன்னும் இருக்கிறது, அதன் கீழே கல்யாணப் பத்திரிகை சாம்பிள் பெட்டிகள். ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் இறங்கி வருவேன். சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டால் அந்தக் கட்டடத்தில் மனித நடமாட்டமே கிடையாது. இப்படித்தான் தெருத்தெருவாக, கீழே ஜனம் முட்டி மோதுகிறது, மேலே மாடிகளில் சரக்கு தூங்குகிறது.

ஏன் இப்படி ஆனது? 1960ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் பழைய வாடகை பழைய வாடகையாகவே கிடந்தது. காலி செய்யவைக்க முடியாத வீட்டுக்கு ஓனர் எதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்? புதுச் சட்டம் 2017ல் வந்து 2019ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பாகப்பிரிவினை வேலையைக் காட்டிவிட்டது. பதினைந்தடி அகல மனைக்கு அண்ணன் தம்பி பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். இடிக்கவும் கையெழுத்து வராது, பழுது பார்க்கவும் வராது. குடோனுக்கு விட்டால் தண்ணீர் வேண்டாம், கக்கூஸ் வேண்டாம், வாடகை மட்டும் வரும்.

"இங்க யாரு சார் குடிவருவா? கார் நிறுத்தவே இடமில்ல" என்று கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சௌகார்பேட்டையைப் பாருங்கள் என்பேன். கடைக்கு மேலேயே குடும்பம் இருப்பதால்தான் மிண்ட் ஸ்ட்ரீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஜே ஜே என்று இருக்கிறது (அங்கிருந்தும் வசதியானவர்கள் கீழ்ப்பாக்கம், வேப்பேரி என்று நகர்கிறார்கள், அது வேறு கவலை). அதோடு, குடியிருக்க ஆள் இல்லை என்பதே பொய். இதே ஏரியாவின் நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களைப் போன்றவர்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பதில், ஊருக்கு வெளியே மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். கோஸுக்கும் மனுஷனுக்கும் ஒரே திட்டம்!

ஊரைத் தள்ளிவைக்கும் வழக்கம் இங்கே பழசுதான். பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்குப் பிறகு, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை வெள்ளைக்காரன் இடித்துத் தள்ளினான். அந்த நிலத்தில்தான் இன்று ஹைகோர்ட் நிற்கிறது. இதற்கு இந்தப் பக்கம் கட்டடம் கூடாது என்று எல்லைக்கு நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையின் டேர் ஹவுஸ் கட்டட மூலையில் இன்னும் இருக்கிறது. கவனித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இப்போது பிராட்வே பஸ் ஸ்டாண்டும் குறளகமும் இருந்த இடத்துக்குப் பெரிய போக்குவரத்து முனையம் திட்டமிட்டிருக்கிறார்கள். வரட்டும், நல்லது. ஹைகோர்ட், மண்ணடி மெட்ரோ ஸ்டேஷன்கள் 2019லேயே வந்துவிட்டன. ஆனால் ஜனத்தைக் கொண்டுவந்து இறக்குவது பாதி வேலை. பாரிமுனை மொத்த வியாபாரப் பூமி. இங்கே தெருவை அடைப்பது பஸ் மட்டுமல்ல, மூட்டையும்தான். லாரி எந்த நேரத்தில் எங்கே நிற்கும், பார்சல் ஆபீசுக்குச் சரக்கு எப்படிப் போகும், மீன்பாடி வண்டிக்காரருக்கு நிற்க இடம் எது, நாள் முழுக்க ஜவுளி எடுக்க வரும் பெண்கள் எந்தக் கழிப்பறைக்குப் போவார்கள்? முனையத்தின் படத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. தி.நகர் பாண்டி பஜாரின் அகல நடைபாதையை அப்படியே இங்கே ஒட்டலாம் என்கிற யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. அது சில்லறைக் கடைவீதி, இது வேறு ஜாதி.

அகமதாபாத் பழைய நகரத்தில் பாரம்பரிய வீட்டை இடிக்காமல் காப்பாற்றும் ஓனருக்கு, அங்கே கட்டமுடியாத பரப்புக்கான உரிமையை வேறு இடத்துக்கு விற்க வழி செய்தார்கள். அந்தப் பணத்தில் வீடு பழுது பார்க்கலாம். நம்மிடமும் அந்த வகை ஏற்பாடு விதிகளில் இருக்கிறது. பங்காளிகளைக் கூட்டி உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கித்தர ஆபீஸ்தான் இல்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான். அடுத்தது இருபது வருஷத்துக்கானது. அந்த இருபது வருஷமும் ஜார்ஜ் டவுனிலேயே உட்கார்ந்து, எந்த வீடு யாருடையது, மாடியில் என்ன இருக்கிறது, கேஸ் எந்தக் கோர்ட்டில் என்று தெருத்தெருவாகப் பதிவேடு வைக்கும் ஓர் அலுவலகம் வேண்டும். ஆட்சி மாறினாலும் கமிஷனர் மாறினாலும் அந்த ரிஜிஸ்டர் மாறக்கூடாது.

முதலில் எல்லாத் தெருவும் வேண்டாம். தம்பு செட்டித் தெருவோ ஆண்டர்சன் தெருவோ, ஒன்றை எடுங்கள். திட்டம் பலித்ததா என்று பார்க்கக் கன்சல்டன்ட் அறிக்கையும் வேண்டாம். அந்தத் தெருவில் கடை மீட்டர் எத்தனை, வீட்டு மீட்டர் எத்தனை என்கிற கணக்கு மின்வாரியத்திடம் இப்போதே இருக்கிறது. அதை இன்றைக்கு ஒரு தாளில் எழுதிவைத்து, ஐந்து வருஷம் கழித்து வீட்டு மீட்டர் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.