எதிரியின் பதிவேட்டையும் புரட்ட வேண்டும்

சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவன் என்பதால், சத்தத்தை வைத்தே என்ன விமானம் என்று சொல்லும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. அந்த ஆசைக்கு உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகள் நன்றாகத் தீனி போட்டன. பக்கத்துக்கு ஒரு விமானப் படமும், படத்துக்குக் கீழே வேகம், எடை, துப்பாக்கிகளின் எண்ணிக்கை என்று ஓர் அட்டவணையுமாக, தலையணை கனத்தில் வழவழப்பான தாளில் அச்சிட்ட புத்தகங்கள் வீடு முழுக்கக் கிடந்தன. அவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். போர் விமானங்களைப் பற்றி நான் இன்னும் கைவிடாத புத்தகங்கள் ஏழெட்டுதான். அவற்றிலும் எதையும் இன்னொன்றோடு ஒப்பிடாமல் தனியாகப் படிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

முதலில் சொல்ல வேண்டியது ஜெஃப்ரி வெல்லம் எழுதிய 'ஃபர்ஸ்ட் லைட்'. இரண்டாம் உலகப் போரில், 1940 மே மாதம், பதினெட்டு வயதில், ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை அதுவரை ஓட்டியே பார்த்திராத நிலையில், பிரிட்டிஷ் விமானப்படையின் 92ஆவது ஸ்குவாட்ரனில் (படைப்பிரிவில்) வந்து சேர்ந்த பையன் அவர். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் சக்கரங்களைக் கையால் பம்ப் அடித்துத்தான் உள்ளே இழுக்க வேண்டும். பம்ப் இருப்பது வலப்பக்கம். எனவே விமானம் தரையை விட்டு எழும்பியதும் கட்டுப்பாட்டுத் தண்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் பம்ப் அடிக்க வேண்டும். கை பழகாதவன் ஒவ்வோர் அடிக்கும் இடக்கையையும் சேர்த்து ஆட்டிவிடுவான், விமானமும் அலையில் மாட்டிய படகு போல ஏறி இறங்கிக்கொண்டே போகும். ஓட்டுகிறவன் புதுசு என்பது கீழே நிற்கிறவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும். நான் வைத்திருந்த எந்த அட்டவணையிலும் இந்தக் கைப்பம்ப் இல்லை. காக்பிட் என்பதை 'விமானி அறை' என்று நாம் மொழிபெயர்க்கிறோம். தோள்கள் இரண்டு பக்கமும் இடிக்கும் அந்தப் பொந்தை அறை என்று எழுத எனக்கு மட்டும் கை வருவதில்லை.

வெல்லம் இதை 1970களில் எழுதிவைத்தார். புத்தகமாக வந்தது 2002இல், அவருக்கு எண்பது வயதானபோது. ஆனாலும் பெரும்பகுதியை நிகழ்காலத்திலேயே எழுதியிருப்பதால், ஒரு முதியவர் நினைவு கூர்கிறார் என்ற எண்ணமே படிப்பவருக்கு வருவதில்லை. இருபத்தொரு வயதுக்குள் உடலும் மனமும் ஓய்ந்துபோன ஒருவனை அருகிலிருந்து பார்க்கிறோம்.

ரிச்சர்ட் ஹிலரியின் 'த லாஸ்ட் எனிமி' இதற்கு நேர்மாறான புத்தகம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1942இல் வெளிவந்தது. ஸ்பிட்ஃபயரின் பிரதான எரிபொருள் தொட்டி விமானியின் முழங்காலுக்கு முன்னால், கருவிப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கொள்ளளவு 85 காலன், நம் கணக்கில் சுமார் 386 லிட்டர். 1940 செப்டம்பர் 3ஆம் தேதி ஹிலரியின் விமானம் தீப்பிடித்தபோது மேல்மூடி உடனே திறக்கவில்லை. அந்தச் சில நொடிகளில் முகமும் கைகளும் வெந்துபோயின. கடலில் மிதந்தவரை மார்கேட் உயிர்காப்புப் படகுதான் மீட்டது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ அவருக்குப் புதிதாகக் கண் இமைகள் வைத்துத் தைத்த பக்கங்களைப் படித்த பிறகு, அந்தத் தொட்டியை ஒரு வரைபட விவரமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. ஹிலரி விடாப்பிடியாக மறுபடியும் பறக்கப் போய், 1943 ஜனவரியில் இரவுப் பயிற்சியின்போது விழுந்து இறந்தார். வயது 23.

'குட்டி இளவரசன்' வழியாகத் தமிழருக்கு நன்கு அறிமுகமான சந்த்-எக்ஸுபெரியும் ஒரு போர் விமானிதான் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. பிரான்ஸின் தோல்வி உறுதியாகிவிட்ட 1940 மே மாதத்தில் அந்நாட்டின் அராஸ் நகருக்கு மேல் வேவு பார்க்கப் போன அனுபவத்தை வைத்து அவர் எழுதிய நூலும் என் அலமாரியில் உண்டு. அதில் விமானத்தைவிடத் தத்துவம் சற்று அதிகம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விமானியின் தன்வரலாற்றை மட்டும் நம்பி வானத்துச் சண்டையைத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், மூவருமே தாம்தான் வீழ்த்தினோம் என்று மனசாரச் சொல்வார்கள். 1940 செப்டம்பர் 15ஆம் தேதி 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மானியரின் பதிவேடுகளைப் பின்னர் பார்த்தபோது எண்ணிக்கை அறுபதைச் சுற்றியே நின்றது. ஜப்பானிய விமானி சபுரோ சகாயின் கதையாக 1957இல் ஆங்கிலத்தில் வந்த 'சாமுராய்' அவருக்கு 64 விமானங்களைக் கணக்கு வைக்கிறது; பின்னால் ஆராய்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. பசிபிக் தீவான குவாடல்கனாலில் தலையில் குண்டு பாய்ந்து, ஒரு கண் தெரியாமல், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் பறந்து ரபவுலில் இருந்த ஜப்பானியத் தளத்துக்கு அவர் திரும்பியது மட்டும் யாரும் மறுக்காத உண்மை. அதே சம்பவத்தில்கூட, தம்மைச் சுட்டவை அமெரிக்காவின் அவெஞ்சர் விமானங்கள் என்று அவர் நினைத்தார். உண்மையில் அவை டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்கள்.

நம் பெயரைத் தாங்கிய ஒரு ஸ்குவாட்ரனின் கதையும் இதே வகைதான். பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆவது ஸ்குவாட்ரனுக்கு 'மதராஸ் ராஜதானி' என்று பெயர். இங்கிருந்து போன போர் நன்கொடைக்கு நன்றியாக வைத்தது. அவர்கள் ஓட்டிய டிஃபயன்ட் ஒரு விசித்திரமான விமானம்: முன்னால் சுடத் துப்பாக்கியே கிடையாது, நான்கு துப்பாக்கிகளும் விமானிக்குப் பின்னால் ஒரு சுழல்கூண்டில். 1940 மே 29ஆம் தேதி பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்துக்கு மேல் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். பின்னாலிருந்து பாய்ந்தவர்களுக்கு அது எதிர்பாராத அடி என்பது நிஜம், ஆனால் ஜெர்மானியரின் இழப்புக் கணக்கில் அந்த 37 வரவில்லை. எதிரி முன்னாலிருந்தும் கீழிருந்தும் வரக் கற்றுக்கொண்டதும், ஆகஸ்ட் கடைசியில் சில நாட்களிலேயே அந்த ஸ்குவாட்ரன் நொறுங்கிப்போனது. பகல் சண்டையிலிருந்து விலக்கி இரவுக் காவலுக்கு மாற்றினார்கள்.

எதிரியின் ஏட்டைப் புரட்டினால் நம் ஆளின் கணக்கு எப்போதும் குறையும் என்று நினைத்துவிட வேண்டாம். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், செப்டம்பர் 7ஆம் தேதி விடியற்காலையில் பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து இந்திய விமானப்படையின் மிஸ்டியர் போர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் புறப்பட்டன. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமட போப்பய்ய தேவய்யா அன்று மாற்று ஆளாக மட்டுமே நியமிக்கப்பட்டிருந்தார், போனவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் எழுதி 1979இல் வெளிவந்த நூலில்தான், அன்று ஒரு மிஸ்டியர் தன்னைத் துரத்திய பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதும், அதன் விமானி பாராசூட்டில் தப்பியதும் தெரியவந்தது. திரும்பி வராத மிஸ்டியர் எது என்று இந்தியத் தரப்பில் பொருத்திப் பார்த்தார்கள். 1988இல், இறந்து 23 ஆண்டுகள் கழித்து, தேவய்யாவுக்குப் போர்க்கால வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

ஃப்ரிக்கரின் புத்தகம் பாகிஸ்தான் பக்கம் சாய்ந்த புத்தகம். பல இடங்களில் எனக்கு எரிச்சல் வந்ததுண்டு. அதே போரைப் பற்றி ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 2005இல் வெளியிட்ட நூலை அதனோடு சேர்த்து வைத்துப் படித்தால் எரிச்சல் தணியும், காரணம் அவர்கள் நம் தரப்பை மெழுகவில்லை. முதல் நாளிலேயே நம் வாம்பயர் விமானங்கள் நான்கை இழந்தது, பதான்கோட்டில் தரையில் நின்ற விமானங்களைப் பாகிஸ்தானின் சாபர் விமானங்கள் வந்து எரித்துவிட்டுப் போனது, நம் நாட் போர் விமானம் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூரில் போய் இறங்கி இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்பது என்று எல்லாம் உண்டு. இரண்டையும் அலமாரியில் அடுத்தடுத்தே வைத்திருக்கிறேன். பக்கத்தில், கொடுக்காமல் மிச்சம் வைத்த ஒரே அட்டவணைப் புத்தகமும் இருக்கிறது. நேராகப் பறக்கையில் மிஸ்டியரால் ஒலியின் வேகத்தைத் தாண்ட முடியாது, ஸ்டார்ஃபைட்டர் அதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும் என்று அதில் இன்னமும் அச்சாகியிருக்கிறது.