மேசைமேல் இருக்கிற நாலு டப்பா

தாய்லாந்து போய் வருகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "சப்புன்னு இருக்கு, இல்லன்னா ஒரே தித்திப்பு." கடைக்காரர் மேல் தப்பில்லை. பாங்காக் தெருக்கடையில் நூடுல்ஸ் சூப் கேட்டால் முக்கால்வாசி சமையல்தான் மேசைக்கு வரும். மீதிக் காலை முடிப்பது சாப்பிடுகிறவர் பொறுப்பு.

அதற்குத்தான் மேசைக்கு மேசை நாலு குட்டி டப்பா வைத்த ஒரு தாங்கி இருக்கும். சர்க்கரை, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நாம் பிளா என்கிற மீன் சாஸ், மிளகாய் நறுக்கி ஊறப்போட்ட வினிகர். உப்பு டப்பாவைத் தேட வேண்டாம், மீன் சாஸ்தான் உப்பு.

எதுவும் போடாமல் முதலில் ஒரு வாய் சூப் குடித்துப் பாருங்கள். பிறகு வினிகர் ஒரு சின்ன ஸ்பூன், மீன் சாஸ் அரை ஸ்பூன், மிளகாய்த்தூள் கால் ஸ்பூன். கலக்கி, மறுபடி ருசி பார்த்து, கடைசியாகச் சர்க்கரை ஒரு சிட்டிகை. நம் வீட்டுப் புளிக்குழம்பில் துளி வெல்லம் போடுகிற அதே கணக்கு: புளிப்பையும் காரத்தையும் சேர்த்துக் கட்டும். எடுத்த எடுப்பில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். சூப்பில் ஊற ஊறத்தான் அதன் காரம் இறங்கும், பாதிக் கிண்ணத்தில் கண்ணீர் வரும்.

ஆர்டர் கொடுக்கவும் ஒரு வரிசை உண்டு. முதலில் எந்த நூடுல்ஸ் என்று சொல்ல வேண்டும்: அகலமான சென் யாய், மெல்லிய சென் லெக், இடியாப்பம் மாதிரி சென் மீ, மஞ்சள் முட்டை நூடுல்ஸ் என்றால் பா மீ. அடுத்து, சூப்போடு வேண்டுமானால் நாம், சூப் இல்லாமல் என்றால் ஹேங். 'நாம் தொக்' என்று மட்டும் தெரியாமல் சொல்லிவிடாதீர்கள், சூப்பில் ரத்தம் கலந்து வரும். அளவு கூட வேண்டுமா, 'பிசேத்' என்றால் போதும். நம் 'விசேஷ'மேதான்!

சைவக்காரர்கள் ஏமாறுவதும் ஒரு சொல்லில்தான். 'மங்சவிரத்' என்றால் மாமிசத்தைத் தவிர்ப்பது, பாலி, சமஸ்கிருதம் வழியாகப் போன சொல். ஆனால் அப்படிச் சொன்னால் முட்டை வரலாம், மீன் சாஸும் விழலாம். 'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்குகிற கடைகள் அதற்கானவை. அங்கே முட்டை, பால், மீன் சாஸ் கிடையாது. பூண்டு, வெங்காயமும் கிடையாது என்பது சிலருக்கு இன்னும் வசதி.

சோற்றுக் கடையில் கத்தி கேட்காதீர்கள், எல்லாம் அடுப்படியிலேயே நறுக்கித்தான் வரும். ஸ்பூன் வலது கையில், முள்கரண்டி இடது கையில். முள்கரண்டி சோற்றை ஸ்பூனில் தள்ளிவிட மட்டும்தான், வாய்க்குள் போகாது. சாப்ஸ்டிக் நூடுல்ஸோடு சரி. ஒட்டும் அரிசிச் சோறு வந்தால் தாராளமாகக் கையை வையுங்கள், அவர்களும் அப்படித்தான் உருட்டிச் சாப்பிடுகிறார்கள்.

சில்லறையாக 20, 100 பாட் நோட்டுகள் வைத்திருங்கள். காலை நேரத்தில் 1000 பாட் நோட்டை நீட்டினால் தெருக்கடைக்காரர் பாவம், பக்கத்துக் கடைக்கு ஓடுவார்.

பார்சல் வாங்கினால் நூடுல்ஸ் ஒரு பையில், சூப் இன்னொரு பையில், வாய் முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வரும். கூடவே விரல் நீளத்தில் நாலு குட்டிப் பொட்டலம். வேண்டாத சாமான் என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு ரூமில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் ஊருக்கு வந்து "சப்புன்னு இருக்கு" என்கிறார்.