வேண்டாம் என்று சொல்லுங்கள், சிரிக்காதீர்கள்

நம் ஊர்த் தமிழ்க் குழுவில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த வாசல் கேமரா வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் போட்டது என்று உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. மார்மன் என்ற கிறிஸ்தவச் சபைக்காக வீடு வீடாகப் பிரசாரத்துக்கு வரும் இரண்டு பையன்கள் பனியில் நின்று மணி அடிக்கிறார்கள். காத்திருக்கிறார்கள். உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். கடைசியில் ஒருவன் கேமராவைப் பார்த்து "ஹேப்பி நியூ இயர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். அந்த வாரம் நாலு நாள் என் வீட்டு வாசலில் பனி அள்ளியவன்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கதவைத் திறக்காமலும் இருங்கள், உங்கள் வீடு, உங்கள் உரிமை. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் படம் பிடித்து ஊரே சிரிக்கப் போடுவது தப்பு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிசம்பர் 27 சனிக்கிழமை நான் வாசல் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் எலும்பு முறிந்தது. என் கணவர் என் மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சென்னை போயிருந்தார். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பனி எப்படிக் கொட்டும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கள் காலை இந்த இரண்டு பேரும் மணி அடித்தார்கள். ஊன்றுகோலோடு போய்க் கதவைத் திறந்து, "எனக்கு ஆர்வம் இல்லை தம்பி" என்றேன். "பரவாயில்லை, பனியை மட்டும் அள்ளிக் கொடுக்கலாமா?" என்றான் ஒருவன். அவன் பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா தீவுக்காரன். இந்தக் குளிர்காலத்துக்கு முன் பனியையே பார்த்ததில்லையாம். மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் பிடித்தான். கூட வந்தவன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்காரன், அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

திங்கள் என்பது அவர்களுக்குத் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் பேச விட்டிருக்கும் ஒரே நாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. 2019 வரை கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் பேச முடியுமாம். இப்போது வாரம் ஒரு முறை. அந்த நாளில்தான் என் வாசலுக்கு வந்தார்கள்.

முடித்ததும் உள்ளே வந்து குளிர் காயச் சொன்னேன். தனியாகப் பெண் இருக்கிற வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவர்கள் விதி. சரி என்று வாசலுக்கே சுக்குமல்லிக் காபி கொண்டுபோனேன். காபி என்ற சொல்லைக் கேட்டதும் தயங்கினார்கள். காபி, டீ இரண்டும் அவர்களுக்கு விலக்கு. இதில் காபித் தூளே கிடையாது, சுக்கும் கொத்தமல்லியும் கருப்பட்டியும்தான் என்று விளக்கிய பிறகு குடித்தார்கள். டோங்காப் பையன் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

செவ்வாய்க்கிழமை ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் கிடங்கில் டப்பாக்களைப் பிரித்து அடுக்கிவிட்டு வந்தார்கள். புத்தாண்டு அன்று எங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்களின் கிறிஸ்துமஸ் மரங்களை இழுத்துக்கொண்டுபோய் ரோட்டோரம் வைத்தார்கள். முந்தின இரவு ஊரே வாணவேடிக்கை பார்த்தபோது இவர்களுக்குப் பத்தரைக்குப் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டு வேளை பட்டினி. அந்தச் சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்குப் போகும். கிருத்திகை அன்று தான் சாப்பிடாமல் வாசலில் வந்தவருக்குச் சோறு போட்ட என் அம்மாவின் நினைப்பு வந்தது.

"மதம் மாற்றத்தானே வருகிறார்கள்?" என்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் வருகிறார்கள். ஒளித்தா வைக்கிறார்கள்? நெஞ்சிலேயே சபையின் பெயரை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஊழியம் பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். சம்பளம் கிடையாது. இங்கிருந்து போகிற பிள்ளைகளுக்கு மாதம் 500 டாலர் குடும்பமே கட்டுகிறது. நான் மாறவில்லை, மாறப் போவதும் இல்லை, அதை அவர்களிடமே சொன்னேன். மறுநாளும் வந்தார்கள். பனி அள்ளியது தூண்டில் என்றால், மீன் சிக்காது என்று தெரிந்த பிறகும் ஏன் வர வேண்டும்?

பொங்கல் விழாவில் மேடைக்கு மேடை போப் ஐயரைப் புகழ்கிறோம். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் தந்தவர். அவர் தமிழ்நாட்டுக்கு எதற்கு வந்தார்? அவரும் யார் யார் வாசலிலோ நின்றவர்தானே.

அந்தச் சபையின் வரலாறு சரியில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பலதார மணம், 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுத்தது, எல்லாம் உண்மைதான். எனக்கும் அதில் உடன்பாடில்லை. அதற்கு இந்தப் பிள்ளையா பதில் சொல்ல வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சபை முளைவிட்ட பால்மைரா நமக்கு அரை மணி நேரத் தூரம். அவர்களின் வேதமான மார்மன் நூலை 1830-இல் அச்சடித்த ஊர். அங்கே கூமோரா குன்றில் ஜூலை மாதம் அவர்கள் நடத்திய பெரிய நாடகத்துக்கு 2019 வரை நம்மில் எத்தனை குடும்பம் போயிருக்கிறோம்! பாய் விரித்து, புளிசாதம் கட்டிக்கொண்டுபோய், இலவசமாகப் பார்த்தோமே. அன்றைக்கு அவர்கள் நமக்குக் கேலியாகத் தெரியவில்லை.

நான் விழுந்த அன்று சாயங்காலம் இதே குழுவில் எழுதினேன். கால் முறிந்துவிட்டது, பனி அள்ள யாராவது வர முடியுமா என்று. 'டேக் கேர்' என்று வந்தது. கைகூப்பிய படங்கள் வந்தன. பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறவர்களும் அதைத்தான் போட்டார்கள். ஆள் ஒருவரும் வரவில்லை. விடுமுறை, விருந்தாளி, ஆளுக்கொரு வேலை இருக்கும், எனக்குப் புரிகிறது. இத்தனை வருடம் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு ஓடியவள் நான். இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நினைத்ததே இல்லை. இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டீர்கள். டெக்ஸாஸில் இருக்கும் என் மகனாலும் புத்தாண்டு அன்று எனக்கு ஒரு மெசேஜ்தான் போட முடிந்தது. டோங்காப் பையன் அவன் அம்மாவோடு பேசியதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் டம்ளர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

'இந்த அம்மாவையே மாற்றிவிட்டார்கள் போல' என்று எழுதத் தயாராக இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பூஜை அறையில் காலையில் ஏற்றிய விளக்கு இன்னும் எரிகிறது.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது, முகநூலும் பார்க்கிறார்கள். இன்று திங்கள். இந்நேரம் டோங்காப் பையன் துணியைப் போட்டுவிட்டு அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பான்.