மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி தெருவுக்கு வரட்டும்

ஃப்ளூ காய்ச்சல் பரவுகிறது என்று புதுச்சேரியில் பள்ளிக்கூடங்களை மூடியது பலருக்கும் நினைவிருக்கும். 2022 செப்டம்பரில் ஒருமுறை, 2023 மார்ச்சில் இன்னொருமுறை, எட்டாம் வகுப்பு வரை லீவு விட்டார்கள். பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொன்னது சரிதான். அதே வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன செய்தோம்?

பேரனுக்கு நாலு நாளில் விடுகிற ஃப்ளூ, சுகரும் வீசிங்கும் இருக்கிற பாட்டியை நிமோனியாவில் படுக்க வைத்துவிடும். முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நம் நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. தனியாரில் 1,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டும். தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, வீட்டில் இரண்டு பெரியவர்களை வைத்துக்கொண்டு இதற்கு எங்கே போவார்?

இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். இலவசம் என்று போர்டு மாட்டிவிட்டால் மட்டும் கூட்டம் வந்துவிடாது.

காலையில் ஏதாவது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்கு வரிசை நிற்கும். மஞ்சள் பைக்குள் காலியான மாத்திரை அட்டை, ஓரம் நைந்த நோட்டு. ஊசி தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே இருக்கிறார்கள். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸையும் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியையும் உட்கார வையுங்கள், பாதி வேலை முடிந்தது. நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு, அந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவோடு நர்ஸ் போகட்டும். போலியோ சொட்டு மருந்துக்கும் கொரோனா ஊசிக்கும் தெருத்தெருவாக அலைந்தவர்கள் இவர்கள்தானே!

“ஊசி போட்டா காய்ச்சல் வந்துடுமாமே” என்று கேட்பார்கள். நியாயமான பயம். நம் ஊரில் போடுகிற ஊசியில் பொதுவாக இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒருநாள் உடம்பு லேசாகச் சுடலாம். இதைத் தெரிந்த முகம் வாசலில் நின்று சொன்னால்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

அப்புறம், ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். ஐப்பசியில் மழையோடு காய்ச்சலும் பிடித்துக்கொள்ளும். ஆவணியிலேயே மருந்து வந்து சேர வேண்டும் என்றால் டெண்டர் கோடையிலேயே போக வேண்டும். மத்திய அட்டவணை மாறட்டும் என்று புதுச்சேரி அரசு காத்திருக்க வேண்டாம், இது சின்ன ஊர், இங்கே தொடங்கலாம். நிதி ஒதுக்கும்போது மருந்து விலையோடு நிறுத்திவிடாமல் ஆட்டோ மைக் விளம்பரம், வண்டி டீசல், ஆஷாக்களின் ஊக்கத்தொகை எல்லாவற்றையும் சேர்த்து ஒதுக்குங்கள்.