ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே என்ற அண்ணனுக்கு

நேற்று ராத்திரி எங்கள் குடும்பக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ‘கொரோனா ஒழியும்வரை பிள்ளைகளை எதற்காகவும் ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள்’ என்ற அந்தக் குரல் பதிவுக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். நான் ஒருத்திதான் ‘இது தப்பு’ என்று எழுதினேன். அவ்வளவுதான், படித்த திமிர் பிடித்தவள் ஆகிவிட்டேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. கொரோனா வந்துவிட்டது என்பதற்காக மற்ற நோய்கள் லீவு போட்டுவிட்டுப் போகவில்லை. தட்டம்மை ஒருவருக்கு வந்தால், எதிர்ப்புச் சக்தி இல்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 2.3 கோடிக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் விட்டுப்போயிருக்கின்றன, முந்தைய வருடத்தைவிட 37 லட்சம் அதிகம். இது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்ன கணக்கு. என் திமிர் சொன்னதல்ல.

‘போன இடத்தில் தொற்றிக்கொண்டால்?’ நியாயமான பயம், எனக்கும் உண்டு. முதலில் போன் செய்யுங்கள். தடுப்பூசிக்கென்று தனி நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தையோடு ஒரே ஒருவர் போனால் போதும். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் முகக்கவசம் வேண்டாம், மூச்சு முட்டும். தாய்க்கே தொற்று இருந்தாலும் கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம். இதையெல்லாம் எழுதியபோது ஒருவரும் கைகூப்பவில்லை.

‘அந்தக் காலத்தில் நாங்கள் வளரவில்லையா?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டார். வளர்ந்தீர்கள். வளராமல் போனவர்கள் குழுவில் இல்லை, அதனால் பதில் எழுத வரவில்லை.

அப்புறம் கொரோனாவுக்குப் பிள்ளைகளை ஆவி பிடிக்க வைக்கச் சொல்லிக் குழுவில் வந்த அந்த யோசனை. ஆவி வைரஸைக் கொல்லாது. கொதிநீர் பாத்திரம் கவிழ்ந்தால் குழந்தை வெந்துபோகும். வீட்டில் கிடக்கும் ஆன்டிபயாட்டிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இவ்வளவு தெரிந்த நான் என்ன கிழித்தேன் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

2020-ல் ஊரே அடைந்து கிடந்தபோது என் மகனுக்கு வயிற்றுவலி, வாந்தி, லேசான காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வார்டில் தனியாகப் படுக்க வைத்துவிடுவார்களோ என்று பயந்து மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி வலி சட்டென்று குறைந்தது. சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசைகிறது. வலி குறைந்தது, குடல்வால் உள்ளே வெடித்ததால். ‘முதல் நாளே வந்திருக்கலாமே அம்மா’ என்றார் டாக்டர்.

இத்தாலியில் அதே 2020 மார்ச்சில், தொற்றுக்குப் பயந்து தாமதமாகக் கொண்டுவரப்பட்ட 12 குழந்தைகளைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். பாதிப் பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். நான்கு பேர் இறந்துவிட்டார்கள். என் மகன் பிழைத்தான். அதைத் தவிர எனக்கும் அந்த நான்கு தாய்களுக்கும் என்ன வித்தியாசம்?

அதனால்தான் கத்துகிறேன். மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், மணிக்கணக்கில் மூத்திரம் போகாவிட்டால், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், குழுவில் யோசனை கேட்காதீர்கள், கிளம்புங்கள். கொரோனா வந்து போன பிள்ளைக்கு இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துக் காய்ச்சலோடு தடிப்பும் கண் சிவப்பும் வயிற்றுவலியும் வந்தாலும் அப்படித்தான்.

நான் பயமுறுத்துகிறேனாம். கூட்டிப் போய்த் தொற்று வந்தால் ‘ஏன் கூட்டிப் போனாய்’, போகாமல் ஏதாவது ஆனால் ‘நீயெல்லாம் ஒரு தாயா’. இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவள் எப்போதும் ஒருத்திதான். குரல் பதிவை அனுப்புகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு இரண்டாம் நாள் ராத்திரி நான் முதலில் கூப்பிட்டது உங்களைத்தான். ‘பொறுத்துப் பாரும்மா, காலையில் சரியாகிவிடும்’ என்றீர்கள். இத்தனை நாள் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, நேற்றுக்கூடக் குழுவில் சொல்லவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறீர்கள்.