சட்டம் தெரியாதவர்கள் அல்லர் நாங்கள்

"மொழி மிகவும் பலவீனம்" என்று சிவப்பு மையில் எழுதி, சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் குறிப்பிடாமல் திருப்பித் தரப்படும் ஒப்படைகளைப் பார்த்துப் பார்த்து மனம் கொதித்துப்போயிருக்கிறது. மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மலையகத்திலிருந்தும் 13 ஆண்டுகள் தமிழிலேயே படித்து, உயர்தரத்தில் கடும் போட்டியைத் தாண்டி, சட்டமாணிப் பட்டத்தை ஆங்கிலத்தில் படிக்கக் கொழும்புக்கு வரும் மாணவர்களுக்கு நடக்கும் அநியாயம் இது. எங்களைத் தெரிவுசெய்த பரீட்சையைத் தமிழில் எழுத அரசுதான் இடமளித்தது. அதே அரசின் நிதியில் நடக்கும் பல்கலைக்கழகமோ, வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் தமிழில் படித்ததையே ஒரு குற்றம்போல நடத்துகிறது.

ஆங்கிலம் வேண்டாம் என்று இங்கே எவரும் கேட்கவில்லை. எங்கள் நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகள் அடங்கிய என்.எல்.ஆர். (நியூ லோ ரிப்போட்ஸ்) தொகுதிகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் வாதாட விரும்புகிறவர் அவற்றை வாசிக்கத் தெரிந்தே ஆகவேண்டும். அந்த நிலைக்கு மாணவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே என் கேள்வி. எங்கள் பீடத்தில் கிடைப்பது ஆரம்பத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பு மட்டுமே. தன்னை அறிமுகப்படுத்தவும் விண்ணப்பக் கடிதம் எழுதவும் சொல்லித்தரும் அந்த வகுப்புக்கும், பழைய நீதியரசர் ஒருவர் அரைப் பக்கத்துக்கு நீட்டிய ஒற்றை வாக்கியத்தில் விதி எது, விதிவிலக்கு எது, போகிறபோக்கில் சொன்ன கருத்து எது என்று பிரித்தறிவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதனால்தான் சிரேஷ்ட மாணவர்களின் கையெழுத்துக் குறிப்புகளில் எங்கள் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. போட்டோகொப்பியிலிருந்து மறுபடி போட்டோகொப்பி எடுத்து, பக்கத்தின் இடது ஓரம் முழுவதும் கறுத்து, அடிக்குறிப்புகள் மறைந்துபோன அந்தத் தமிழ்க் குறிப்புகளை எழுதியவர்களை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவை எவராலும் சரிபார்க்கப்படாதவை. ஒருவர் இழைத்த தீங்குக்கு நட்டஈடு கோருவது பற்றிய தீங்கியல் பாடக் குறிப்பு ஒன்றில், எங்கள் நாட்டுக்குரிய ரோமன்-டச்சுச் சட்டத்தில் தவறான செயலால் வந்த நட்டத்துக்கு ஈடு கேட்கும் அக்குவிலிய வழக்கும் 1932இன் டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கிலிருந்து வளர்ந்த ஆங்கிலேயக் கவனயீனச் சட்டமும் ஒன்றே என்பதுபோல எழுதியிருந்தது. முன்னதில் பொருள்சார்ந்த நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்ற அடிப்படையே அந்தக் குறிப்பில் இல்லை. அதை நம்பி எழுதியவர்கள் புள்ளிகளை இழந்தார்கள். விரிவுரையாளர் ஒருவர் ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் படித்துப் பார்த்திருந்தால் திருத்தியிருக்கக்கூடிய பிழை அது.

சிறு குழுவாக உட்கார்ந்து கலந்துரையாடும் டியூட்டோரியல் வகுப்புகளைப் பற்றி நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. பேசுகிறவருக்குத்தான் அங்கே புள்ளி. என் தோழி ஒருத்தி, தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமுறையான மனிதக் கொலை எந்தச் சூழலில் கொலை என்ற இன்னும் பாரதூரமான குற்றமாகிறது, திடீர்ச் சினமூட்டல் அதை எப்படிக் குறைக்கிறது என்பதை வகுப்புக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் சாய்ந்தபடி, எங்கள் நாலு பேருக்கும் தமிழில் விளக்கினாள். அவ்வளவு தெளிவாக எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை. பத்து நிமிடம் கழித்து அதே கேள்வி வகுப்பில் வந்தது. வாய் திறந்தாள், முதல் வாக்கியம் தடுமாறியது, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், உட்கார்ந்துவிட்டாள். சிரித்தவர்களை விரிவுரையாளர் கண்டிக்கவில்லை. பங்கேற்புக்கான புள்ளியும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைப் படிக்கும்போது வேதனை இன்னும் கூடுகிறது. 1707இல் யாழ்ப்பாணத் திசாவையாக (ஒல்லாந்த ஆட்சி அதிகாரி) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தபோது, ஒல்லாந்தர் அதைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். இன்று, முதுசமும் (பரம்பரைச் சொத்து) சீதனமும் தேடியதேட்டமும் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்னவென்று வீட்டு உறுதிகளிலிருந்தே தெரிந்துகொண்ட யாழ்ப்பாணப் பிள்ளை, அவற்றைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட விடையெழுத முடியாது.

அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையையும் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். தேசிய மொழிகளுள் ஒன்றில் கல்வி பெற எவருக்கும் உரித்துண்டு என்கிறது அது. ஆனால் வேறொரு மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அந்த உரித்துப் பொருந்தாது என்று உடனேயே விலக்கும் அளிக்கிறது. பீடம் சட்டத்தை மீறவில்லை என்பது எனக்குத் தெரியும். மீறவில்லை என்பதற்காக, செய்ய வேண்டிய எதையும் செய்யாமல் இருப்பது நியாயமாகிவிடாது. சட்டத்தரணிகளைப் பயிற்றும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தபோது மொழியுரிமை பற்றி உரக்கப் பேசிய எவரும், பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி இன்றுவரை எங்களிடம் வந்து விசாரித்ததில்லை. இத்தனையையும் தாண்டிப் பட்டம் பெற்றுக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனால், அங்கே வழக்கேடு சிங்களத்தில் இருக்கிறது. அதற்கும் நாங்களே தனியாக வகுப்புத் தேடிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. முதலாம் ஆண்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு ஒரு டியூட்டோரியல் தமிழில் நடக்கட்டும். அதற்கான தமிழ் விரிவுரையாளர்கள் பீடத்திலேயே இருக்கிறார்கள். முக்கிய தீர்ப்புகளின் சரிபார்க்கப்பட்ட தமிழ்ச் சுருக்கங்கள் நூலகத்தில் இருக்கட்டும். ஒப்படையைத் திருத்தும்போது சட்ட அறிவுக்கும் மொழிநடைக்கும் தனித்தனியே புள்ளியிடட்டும். எதற்கும் புதிய சட்டம் இயற்றத் தேவையில்லை. பீடச் சபையின் ஒரு தீர்மானம் போதும். மாணவர்கள் எழுத்தில் கொடுத்த இந்தக் கோரிக்கை ஏன் இன்னும் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில்கூட ஏறவில்லை என்பதற்கு, எங்களுக்கும் எழுத்திலேயே பதில் வேண்டும்.