சாப்பாட்டோடு முடிந்துபோகும் நட்பு

பௌத்தர்களின் விசாக தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும், மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள எங்கள் பீடோங் வட்டாரத்தில் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களும் சீன, சயாமிய பௌத்தக் குடும்பங்களும் வாழ்த்தும் பலகாரமும் பரிமாறிக்கொள்வது நெடுநாள் வழக்கம். பௌத்தர்கள் நம் கிறிஸ்தவ வீடுகளின் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போகும் நாம் வெள்ளை உறையில் பணம் கொடுத்து, ஊதுபத்தியைக் கையில் வாங்காமல் தலைவணங்கி நிற்கிறோம், அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்ட லயத்து மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் அறுந்துபோகவில்லை. ஆயினும் பேச்சு சமயத்தின் பக்கம் திரும்பினால், "எல்லா மதமும் நல்லதைத்தானே சொல்கிறது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஆமோதிக்க, எல்லாரும் சாப்பிடப் போய்விடுகிறோம்.

மரியாதையாகத் தோன்றும் அந்தப் பேச்சு, மற்றவர் சொல்வதைக் கேட்காமல் தப்பிக்கும் வழி என்றே எனக்குப் படுகிறது. உலகைப் படைத்த கடவுளை அறிக்கையிடுவதில்தான் நம் விசுவாசப்பிரமாணம் தொடங்குகிறது. பௌத்தத்தில் படைத்தவர் என்று ஒருவருக்கு இடமில்லை. நாம் உயிர்த்தெழுதலை நம்புகிறோம். அவர்கள் பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதை நாடுகிறார்கள். இவற்றை ஒன்று என்று சொல்லிவிட்டால் இருவரின் நம்பிக்கையும் மலிந்துவிடுகிறது.

வேற்றுமையைப் பேசுவதிலும் முறை உண்டு. 1965இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. பின்னாளில் பௌத்தர்களுக்கு விசாக வாழ்த்துச் செய்தி அனுப்புவதையும் வத்திக்கான் வழக்கமாக்கிக்கொண்டது. ஆயினும், 1994இல் வெளிவந்த ஒரு நூலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பௌத்தத்தைப் பெருமளவு நாத்திகமான, உலகை எதிர்மறையாகவே பார்க்கும் நெறி என்று விவரித்ததால், மறு ஆண்டு ஜனவரியில் அவர் கொழும்புக்குச் சென்றபோது பௌத்தத் தலைவர்கள் பல்சமயச் சந்திப்பைப் புறக்கணித்தார்கள். அவர் வேற்றுமையைச் சுட்டியது குற்றமில்லை; பௌத்தர்களிடம் கேட்டறியாமல் அவர்களைப் பற்றித் தாமே தீர்ப்புச் சொன்னதுதான் புண்படுத்தியது என்று நினைக்கிறேன்.

பௌத்தத்தைச் சீனர் மதம் என்று ஒதுக்கி வைக்கும் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியம். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்கிறாள் அவள். நம் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கோடு சேர்த்துப் பேசப்படும் கடாரத்தின் அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, சைவனான ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகத் தந்தான். (அவன் மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் அதே கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கல் மட்டும் உறவைக் காத்துவிடாது போலும்.)

தலைநகரில் 1983 முதல் இயங்கும் பல்சமய ஆலோசனை மன்றத்தின் அறிக்கைகள் தேவைதான், ஆனால் அவை நம் தாமானுக்குள் ஒரு பேச்சைத் தொடங்கிவைக்கப் போவதில்லை. அதை, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் நம் அன்பியக் கூட்டங்கள்தாம் செய்ய வேண்டும். இறந்தவர்களிடமிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. ஏப்ரலில் செங் பெங் வந்தால் சீனர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து படையல் வைக்கிறார்கள். நவம்பர் 2ஆம் தேதி கத்தோலிக்கர்களாகிய நாம் அதே போலக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அவர்கள் தாம் ஈட்டிய புண்ணியத்தை மாண்டவர்களுக்கு அர்ப்பணிக்கிறார்கள். நாம் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். (புராட்டஸ்டண்ட் எனும் சீர்திருத்த சபை நண்பர்கள் இதை ஏற்க மாட்டார்கள், அவர்களும் வந்து சொல்லட்டும்.) நிலையான ஆன்மா இல்லையென்றால் அந்தப் புண்ணியம் யாரைச் சென்று சேர்கிறது என்று நாம் அவர்களைக் கேட்கலாம். இறந்தவர் கடவுளின் கையில்தான் இருக்கிறார் என்றால் இன்னும் ஏன் அவருக்காக மன்றாடுகிறீர்கள் என்று அவர்கள் நம்மைக் கேட்பார்கள். அதற்குரிய பதிலை நம் பங்கில் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்வோம் என்பதையும் அப்போது பார்த்துவிடலாம்.